கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போன பார்சல் யாருடையது?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த் வெஸ்ட்கிளிஃபில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், பகலில் வீட்டில் 81 வயது மாமியார் மட்டும்தான். வாக்கர் இல்லாமல் அவரால் கேட் வரை நடக்க முடியாது. இந்த வருடம் மூன்று பார்சல் வாசலில் காணாமல் போயிருக்கின்றன. முதலில் பள்ளிக்கூட ஷூ, அப்புறம் மாமியாருக்கு வாங்கிய பிரஷர் பார்க்கும் மெஷின், போன வாரம் மகனுக்கு வாங்கிய 3,899 ராண்ட் டேப்லெட். முதல் இரண்டு முறையும் டிரைவர் போன் பண்ணினார், "கேட்டுக்கு மேலே உள்ளே போட்டுவிட்டுப் போங்கள்" என்று நான்தான் சொன்னேன். மூன்றாவது முறை போனே வரவில்லை. டெலிவரி ஆகிவிட்டது என்று மெசேஜ் வந்தது, கேட் தூணுக்கு வெளியே பெட்டி இருக்கிற போட்டோ வந்தது, கையெழுத்து என்று ஒரு கிறுக்கல். கடையைக் கேட்டால் "எங்கள் கணக்கில் டெலிவரி முடிந்தது, போலீசில் புகார் கொடுங்கள்" என்கிறார்கள். எதிர்வீட்டுக் கேமராவில் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஒருவன் எங்கள் கேட்டருகே குனிவது தெரிகிறது, முகம் தெளிவாக இல்லை. அதை ரோடு வாட்ஸப் குரூப்பில் போடலாம் என்கிறார் கணவர். போடலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வீடியோவை இப்போது குரூப்பில் போட வேண்டாம். ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன், அதுவரை உங்கள் கணவரைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அழித்துவிடவும் வேண்டாம். எதிர்வீட்டாரிடம் கேட்டு இன்றைக்கே ஒரு காப்பி வாங்கி வையுங்கள், வீட்டுக் கேமராக்கள் பெரும்பாலும் சில நாளிலோ இரண்டு வாரத்திலோ பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும்.

இப்போது பணம். டேப்லெட்டுக்கான பணத்தையோ வேறொரு டேப்லெட்டையோ கேட்க உங்களுக்கு நல்ல உரிமை இருக்கிறது, அதைத் தயங்காமல் கேளுங்கள். "எங்கள் கணக்கில் டெலிவரி முடிந்தது" என்று கடை சொல்வதற்கு அர்த்தம், அவர்கள் அமர்த்திய கூரியரின் டிரைவர் கையில் இருந்த மெஷினில் ஒரு பட்டனை அழுத்தினார் என்பதுதான். சட்டம் கேட்கிற கேள்வி அது இல்லை. நம் தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் வருடத்து 68-ஆம் எண் சட்டம், 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு டெலிவரியைப் பற்றியே பேசுகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லை என்றால், பேசிய நாளில் பேசிய இடத்தில் பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பது விற்றவர் பொறுப்பு. வாங்கியவர் ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் அந்தப் பொருள் தொலைந்தாலும் உடைந்தாலும் நஷ்டம் விற்றவருக்குத்தான்.

"ஏற்றுக்கொள்ளும் வரைக்கும்" என்ற இடத்தை விரல் வைத்துப் படியுங்கள். எப்போது ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது: நீங்கள் வாயாலோ செயலாலோ ஏற்றுக்கொண்டேன் என்று விற்றவருக்குத் தெரிவித்தால், அல்லது வந்த பொருளை உங்கள் சொந்தப் பொருளாகவே நடத்திப் புழங்கத் தொடங்கினால், அல்லது நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் கையில் வைத்திருந்தால். உங்கள் டேப்லெட் விஷயத்தில் இதில் எது நடந்தது? கேட் தூணுக்கு வெளியே, தெருப்பக்கம், யாரும் இல்லாத வாசலில் ஒரு பெட்டி கிடந்தது. நீங்கள் அதைத் தொடவே இல்லை, உங்கள் மாமியாருக்கு அது வந்ததே தெரியாது. டிரைவர் எடுத்த அந்த போட்டோ இருக்கிறதே, கடைக்காரர் அதைத் தன் பக்கத்து சாட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது உங்கள் பக்கத்து சாட்சியாகத்தான் தெரிகிறது, பெட்டி யார் கையிலும் கொடுக்கப்படவில்லை என்பதை அந்தப் படமே காட்டுகிறது. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ட்ராக்கிங் பக்கத்தில் அது எப்போதும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

கடை அடுத்ததாக என்ன சொல்லும் என்றால், "எங்கள் நிபந்தனைகளில் கூரியர் வாசலில் வைத்தாலே டெலிவரிதான் என்று எழுதியிருக்கிறது" என்று சொல்லலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுத இடம் உண்டு என்று நானே மேலே சொன்னேன், அதனால் இந்த வாதத்தைக் கண்டு பயப்படாமல் அந்த நிபந்தனையை எங்கே, எப்படிக் காட்டினார்கள் என்று கேளுங்கள். விற்றவர் தன் பொறுப்பைக் குறைத்து நஷ்டத்தை வாங்கியவர் தலையில் வைக்கிற எந்த வாசகமும் எளிய மொழியில், கண்ணில் படும்படி, வாங்குவதற்கு முன்பே காட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது 49-ஆம் பிரிவு. இருபது பக்க நிபந்தனையின் நடுவில், யாரும் திறந்து பார்க்காத லிங்க்குக்குள் புதைத்து வைத்துவிட்டுப் பிறகு அதை எடுத்துக் காட்டுவது அவ்வளவு சுலபமாகச் செல்லாது.

இன்னொன்று. "கூரியர் கம்பெனியோடு பேசிக்கொள்ளுங்கள்" என்று உங்களைத் திருப்பி விடுவார்கள். போகாதீர்கள். நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு, கூரியரை அமர்த்தியதும் கடைதான். அவர்களுக்குள் என்ன ஒப்பந்தமோ அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என்னிடம் வருகிறவர்களில் பலபேர் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு வருகிறார்கள், கூரியர் கடையைக் காட்டும், கடை கூரியரைக் காட்டும், நடுவில் இவர்கள் ஏர்டைம் செலவழித்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, ஷூவும் பிரஷர் மெஷினும். இதில் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க என்னால் முடியவில்லை, உள்ளதைச் சொல்வதுதான் மரியாதை. டிரைவர் போனில் கேட்டார், நீங்கள் "உள்ளே போட்டுவிட்டுப் போங்கள்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையோடு, பார்சலை எங்கே விட வேண்டும் என்று சொன்னவர் நீங்கள் ஆகிவிட்டீர்கள். அவர் அப்படியே செய்திருந்தால், உங்கள் சொற்படி ஒப்படைத்தேன் என்று கடை வாதாட முடியும், அந்த வாதத்துக்குப் பலமும் உண்டு. அவர் நீங்கள் சொன்ன இடத்தில் போடவில்லை, வெளியே வைத்தார் என்று காட்ட முடிந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்த இரண்டையும் விட்டுவிட்டு டேப்லெட் மேல் முழு பலத்தையும் வையுங்கள். மூன்றையும் ஒரே புகாரில் சேர்த்து எழுதினால், முதல் இரண்டில் நீங்கள் கொடுத்த சம்மதத்தை எடுத்து மூன்றாவதுக்கும் ஒட்டப் பார்ப்பார்கள், "இந்த வாடிக்கையாளர் வழக்கமாகவே வாசலில் விடச் சொல்கிறவர்" என்று.

டிரைவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும், எனக்கும் முன்பு இருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு டிரைவர் என்னிடம் வேறொரு வழக்குக்காக வந்தார், பேச்சுவாக்கில் தன் வேலையைச் சொன்னார். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, ஒப்படைக்கும் பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. வண்டியும் டீசலும் அவர் பாடு. ஆள் இல்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் அந்தப் பார்சலுக்குக் கூலி கிடையாது, மறுநாள் அதே மேட்டை மறுபடியும் ஏற வேண்டும். தீபாவளிக்கும் பிளாக் ஃபிரைடேக்கும் நடுவில் உள்ள வாரங்களில் இருட்டின பிறகும் வண்டியில் பாதிப் பார்சல் மிச்சம் இருக்குமாம். ஹூட்டர் அடித்துப் பார்ப்பார், யாரும் வரவில்லை என்றால் வைத்துவிட்டு, தானே கிறுக்கிவிட்டுப் போவார். அது தப்பு என்று அவருக்கே தெரிகிறது. இதைச் சொல்வது உங்கள் கோரிக்கையை விட்டுக்கொடுக்க அல்ல, அந்த அவசரத்தை உண்டாக்கியது யார் என்று பார்த்தால் மறுபடியும் நாம் கடையிடமும் கூரியர் கம்பெனியிடமும்தான் வந்து நிற்கிறோம் என்பதற்காக.

இனி செய்ய வேண்டியது. போனில் பேசுவதை நிறுத்துங்கள். இன்று இரவே கடைக்கு ஒரு ஈமெயில், ஆங்கிலத்தில், பத்து வரிக்குள். ஆர்டர் எண், தேதி, விலை. டெலிவரி ஆனதாகச் சொன்ன நேரத்தில் நீங்களும் கணவரும் வேலையில் இருந்தீர்கள், வீட்டில் இருந்தவர் கையெழுத்துப் போடவில்லை, யாரும் பொருளை வாங்கவில்லை. டிரைவர் போன் செய்யவில்லை, வெளியே விடச் சொல்லி நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. 19-ஆம் பிரிவின்படி பொருள் இன்னும் விற்றவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அதனால் பணத்தைத் திருப்பித் தாருங்கள் அல்லது வேறு டேப்லெட் அனுப்புங்கள், ஏழு வேலை நாளுக்குள். இவ்வளவு போதும், கோபம் ஒரு வரி கூட வேண்டாம். கூடவே மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: பி.ஓ.டி. என்று கூரியர்காரர்கள் சொல்லும் ஒப்படைப்புச் சான்று, அதில் கையெழுத்துப் போட்டவர் பெயராக என்ன பதிந்திருக்கிறது என்ற விவரம், டிரைவர் ஸ்கேன் செய்த நேரமும் ஜி.பி.எஸ். இடமும். பெரும்பாலான கூரியர் மெஷின்கள் இடத்தையும் சேர்த்தே பதிகின்றன. ஸ்கேன் நடந்தது உங்கள் வாசலிலேயே இல்லை என்று வெளிவந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வேலையிடத்தில் வருகைப் பதிவு இருந்தால் அந்த நாளின் காப்பியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் புகார் கட்டாயமா என்றால், நஷ்டம் விற்றவருடையது என்கிறபோது திருட்டைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டியவரும் ஒரு வகையில் அவர்தான். ஆனாலும் போய்க் கொடுத்துவிடுங்கள். கேஸ் எண் கையில் இருந்தால் கடைக்குத் தட்டிக்கழிக்க ஒரு காரணம் குறைகிறது. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு அஃபிடவிட்டும் எழுதி முத்திரை வாங்கலாம், அதற்குக் காசு இல்லை. எழுதும்போது கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் பெயரை எழுதாதீர்கள், "கேமராவில் ஒருவர் குனிவது தெரிகிறது, முகம் அடையாளம் தெரியவில்லை" என்றுதான் நீங்கள் சத்தியம் செய்ய முடியும், வீடியோவைப் போலீசிடம் கொடுங்கள். டேப்லெட்டின் சீரியல் எண்ணைக் கடையிடம் கேட்டு வாங்கிப் புகாரில் சேர்க்க வேண்டும், இதைப் பலபேர் விட்டுவிடுகிறார்கள். 2009-ஆம் வருடத்து பழைய பொருள் வியாபாரச் சட்டத்தின்படி அடகுக் கடையும் பழைய பொருள் கடையும் விற்க வருகிறவரின் அடையாளத்தையும் பொருளின் விவரத்தையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எண் இல்லாமல் அந்தப் பதிவேட்டில் எதைத் தேடுவது? சிம் போடுகிற டேப்லெட் என்றால் ஐ.எம்.ஈ.ஐ. என்கிற கருவி அடையாள எண்ணும் இருக்கும், அதை வைத்து நெட்வொர்க்கில் முடக்கச் சொல்லலாம்.

கடை மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், வழி மூடிவிடவில்லை. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் "பொருள் வந்து சேரவில்லை" என்று சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கியே திருப்பி வாங்கித் தருவதைக் கேளுங்கள். வழக்கமாக இதற்கு 120 நாள் வரை இடம் கொடுப்பார்கள், ஆனால் வங்கிக்கு வங்கி மாறும், தள்ளிப்போடாதீர்கள். ஈ.எஃப்.டி.யில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பிக் கட்டியிருந்தால் இந்த வழி இல்லை, இனி விலை கூடிய பொருளுக்குக் கார்டையே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். அடுத்து கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஒம்பட், வாங்கிய பொருளைப் பற்றிய குறைகளைத் தீர்க்கும் அமைப்பு, கட்டணம் கிடையாது. முதலில் கடைக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள், மேலே சொன்ன ஈமெயில் அங்கே உதவும். அதிலும் முடியாவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். 2019 முதல் 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க அனுமதி இல்லை, அதனால் என்னைப் போன்றவர்களுக்குக் கொடுக்கக் காசும் வேண்டாம். 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் முதலில் அனுப்பிவிட்டு, சாட்ஸ்வொர்த் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் போய் விசாரியுங்கள், படிவத்தை எப்படி நிரப்புவது என்று கிளார்க்கே சொல்லிக் கொடுப்பார். வெளிநாட்டு ஆப்பில் வாங்கியது என்றால் இந்தச் சட்டத்தை வைத்து அவர்களை இழுப்பது கஷ்டம், அங்கே ஆப்பின் ரீஃபண்ட் வழியும் கார்டும்தான் துணை.

இப்போது வீடியோ.

மான்டஃபோர்டில் ஒரு குடும்பம். ஊரும் விவரமும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். உங்களைப் போலவே பார்சல் காணவில்லை, ஒட்டு வீட்டுப் பையன் மேல் சந்தேகம். நம் சாட்ஸ்வொர்த் வீடுகள் எப்படிக் கட்டியவை என்று உங்களுக்குத் தெரியும், நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் தாளிக்கிற வாசனை இந்தப் பக்கம் வரும். அந்த இரண்டு குடும்பமும் நாற்பது வருடமாக அந்தச் சுவரைப் பங்குபோட்டு இருந்தவர்கள், ஒருவர் வீட்டு மாரியம்மன் கூழுக்கு மற்றவர் வீட்டு அண்டாதான் போகும். குரூப்பில் பெயரைப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்சல் கிடைத்தது. அதே வீட்டு எண், வேறு ரோடு. ரோடு எண்ணில் இரண்டு இலக்கத்தை டிரைவர் மாற்றிப் படித்துவிட்டார், அந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை, பெட்டி அவர்கள் அவுட்பில்டிங்கில் குடியிருந்தவரிடம் பத்திரமாக இருந்தது. நம் யூனிட்களில், அதாவது சாட்ஸ்வொர்த்தின் உட்பகுதிகளில், பல ரோடுகளுக்கு எண்தான் பெயர், சிலவற்றுக்குப் பழைய எண்ணும் பிறகு வந்த பெயரும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன, வெளியூர் டிரைவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மன்னிப்பும் அதே குரூப்பில் போட்டார்கள், ஆனால் அந்தப் பையனை மற்ற வீட்டுக்காரர்கள் பார்த்த பார்வையை யாரால் திரும்ப எடுக்க முடியும்? இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சு இல்லை. சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது.

சட்டப்படியும் இது ஆபத்தான வேலை. ஒருவரைத் திருடன் என்று குரூப்பில் எழுதுவது அவதூறு. வீடியோவைப் போட்டு "இவனைத் தெரிகிறதா" என்று கேட்பதும் பல நேரம் அதேதான், பார்க்கிறவருக்கு என்ன புரிகிறது என்பதுதான் கணக்கு. இருநூறு பேர் குரூப் தனிப்பட்ட பேச்சு ஆகாது. நம் நாட்டில் அவதூறு வழக்கில் "நான் சொன்னது உண்மை" என்று நிரூபித்தால் மட்டும் போதாது, சொன்னதில் பொதுநலன் இருந்தது என்றும் சேர்த்துக் காட்ட வேண்டும். முகமே தெரியாத வீடியோவை வைத்து முதல் பாதியையே நீங்கள் காட்ட முடியாது. ஃபார்வர்ட் செய்கிறவரும் பொறுப்பாளிதான், அதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. 2021 ஜூலையில் நம் மாகாணத்தில் கலவரம் மூண்டபோது டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் போனில் வந்த குரல் பதிவுகளை, யார் அனுப்பியது என்றே தெரியாத எச்சரிக்கைகளை, அதைக் கேட்டுவிட்டுத் தெருமுனையில் நின்ற ஆட்களை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு பார்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஒரு தெருக் குரூப்பில் ஒரு படமும் "திருடன்" என்ற சொல்லும் விழுந்த பிறகு அதைக் கட்டுப்படுத்துவது உங்கள் கையில் இல்லை என்பதுதான் சம்பந்தம். யாராவது போய் அந்தப் பையனை அடித்தால், 3,899 ராண்டுக்காக அது நடந்தது என்று நீங்கள் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

பையனின் அம்மாவிடம் பேசலாமா என்றால், பேசலாம், குற்றம் சாட்டாமல். "எங்கள் பார்சல் ஒன்று போன வாரம் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், நீங்கள் யாராவது எடுத்து வைத்திருக்கிறீர்களா அக்கா, இல்லை யாராவது வந்ததைப் பார்த்தீர்களா" என்று கேளுங்கள். ரோட்டில் எல்லா வீட்டிலும் இதே மாதிரி கேளுங்கள், அவர்கள் வீட்டில் மட்டும் கேட்டால் அதுவே ஒரு குற்றச்சாட்டு. எடுத்திருந்தால் திருப்பிக் கொண்டுவந்து வைக்க ஒரு வழி திறந்திருக்கும். உண்மையிலேயே அவன்தான் என்று போலீஸ் கண்டுபிடித்தாலும், 18 வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தைகளுக்கான நீதிச் சட்டம் அவனைப் பெரியவர்களின் வழியில் தள்ளாமல் திருத்துகிற வழிக்குத்தான் முதலில் பார்க்கும். நம் தெருப் பையன்தான், அப்படி நடப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

இனிமேல் வருகிற பார்சல்களுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் முதலில், டிரைவர் போனில் "வைத்துவிட்டுப் போகட்டுமா" என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "வேண்டாம், திருப்பி எடுத்துப் போய் நாளைக்குக் கொண்டுவாருங்கள்." அவர் முனகுவார், உங்களுக்கும் நாள் ஒன்று தள்ளும். பரவாயில்லை. ஆர்டர் போடும்போதே குறிப்பு எழுதும் கட்டத்தில் வெளியே வைக்க வேண்டாம், ஆள் இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோகவும் என்று எழுதிவிட்டால், மறுபடியும் இப்படி நடந்தால் அந்த எழுத்தே உங்களுக்காகப் பேசும். முகவரியில் ரோட்டின் எண்ணையும் பெயரையும் இரண்டையும் எழுதுங்கள், யூனிட்டின் பெயரையும் சேருங்கள்.

விலை கூடிய எதையும் வீட்டுக்கே வரவழைக்காதீர்கள். மாலிலும் பெட்ரோல் பங்க்கிலும் பார்சல் லாக்கர்கள் இருக்கின்றன, போனுக்கு வரும் பின் எண்ணைப் போட்டால்தான் கதவு திறக்கும். பார்கோ என்று கடைகளிலேயே பார்சலை வாங்கி வைக்கிற இடங்கள், போஸ்ட்நெட் கவுண்டர், டேக்கலாட் ஆன்லைன் கடையின் சொந்த பிக்கப் இடங்கள் எல்லாம் உண்டு. வேலை முடிந்து வரும் வழியில் எது இருக்கிறது என்று பார்த்து ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சில நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் போய்விடும், அவ்வளவுதான் சிரமம். வேலையிடத்துக்கு வரவழைப்பது என்றால் முதலாளியிடம் முதலில் கேளுங்கள். சின்னப் பொருள்களுக்கு, உங்கள் ஊரில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டரிடம் சொல்லி, சுவரில் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று அடித்துக்கொள்ளலாம், தெருப்பக்கம் போடுகிற வாய், உள்பக்கம் பூட்டு. ஷூ பெட்டி நுழைகிற அளவு இருந்தால் போதும்.

மாமியாரைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அவரைக் கேட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள், எந்தப் பார்சலுக்காகவும். கூரியர் சட்டை போட்டுக்கொண்டு வந்து கேட்டைத் திறக்கவைத்துக் கொள்ளையடிக்கிற சம்பவங்கள் நம் நாட்டில் நடக்கின்றன, தனியாக இருக்கிற வயதானவர் வீடு என்று தெரிந்தால் இன்னும் ஆபத்து. "யாரும் வீட்டில் இல்லை, அத்தை மட்டும்தான் இருக்கிறார், அவரால் நடக்க முடியாது" என்று டிரைவரிடம் போனில் விளக்கம் சொல்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். கம்பி வழியாக வாங்க முடியாத எதுவும் உள்ளே வர வேண்டாம். பகலில் வீட்டில் இருக்கிற, நீங்கள் நம்புகிற ஒரு அக்காவோ அண்ணனோ ரோட்டில் இருந்தால், அவர் பெயரையும் வீட்டு எண்ணையும் குறிப்பில் எழுதி, அவரிடம் மட்டும் கொடுக்கலாம் என்று சொல்லலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் பொருள் உங்களிடம் வந்ததாகத்தான் ஆகும், பிறகு தொலைந்தால் கடையைக் கேட்க முடியாது. அதையும் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இந்த நேரத்தில் உங்கள் போனுக்கு "உங்கள் பார்சல் எங்களிடம் இருக்கிறது, மறுபடி கொண்டுவரச் சின்னத் தொகை கட்டுங்கள்" என்று எஸ்.எம்.எஸ். வந்தால் அதில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். பார்சலைத் தொலைத்தவர் மனசு எப்படியாவது கிடைத்துவிடாதா என்று இருக்கும், ஏமாற்றுகிறவர்களுக்கு அது தெரியும். எதுவாக இருந்தாலும் கடையின் ஆப்பில் ஆர்டர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். டெலிவரிக்கு வருகிற பின் எண் வேறு, வங்கியிலிருந்து வருகிற ஓ.டி.பி. வேறு. முதலாவதைப் பெட்டி உங்கள் கைக்கு வருகிறபோது டிரைவரிடம் சொல்லலாம், இரண்டாவதை யாரிடமும் சொல்லக்கூடாது.

கையில் வாங்கும்போது பெட்டி நசுங்கியிருந்தாலோ டேப் பிரித்து மறுபடி ஒட்டியது போல இருந்தாலோ, திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லுங்கள். கேட்டால் பார்க்க நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. டிரைவர் நிற்க முடியாது என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "உள்ளே பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டு, அவர் இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் பரீட்சை நெருங்குகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ஈமெயிலில் பணத்தையோ மாற்று டேப்லெட்டையோ கேட்கச் சொன்னேன், உங்களுக்கு அவசரம் என்றால் டேப்லெட்டையே முதலில் கேளுங்கள், பிக்கப் இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், பல கடைகள் பணம் திருப்புவதைவிட அதைச் சீக்கிரம் செய்கின்றன. கடையின் பதில் வந்ததும், ஏழு வேலை நாளில் வராவிட்டால் வரவில்லை என்பதையும், எனக்கு எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட், பி.ஓ.டி., கேஸ் எண், நீங்கள் அனுப்பிய ஈமெயில் நான்கையும் ஒன்றாக இணைத்து அனுப்பினால் ஒம்பட் படிவத்தை நிரப்ப நான் உதவுகிறேன்.